பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு விரால்

போன சனிக்கிழமை ஒரு பட்டுச்சேலை கண்மாய்ச் சேற்றில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

கட்டியிருந்தவர் ஞானத்தம்மாள். கோவில்பட்டியில் என் பக்கத்து வீட்டுக்காரர். வாத்தியார் ஜேம்ஸின் அம்மா.

மகனுக்கு இதுவரை ஐந்து பெண்கள் பார்த்தாயிற்று. ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள்... ஒருத்தி வேகமாக நடந்தாள்... ஒருத்தி காபியை ஆற்றாமல் கொடுத்தாள். ஐந்தும் தள்ளுபடி! "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி யார் வீட்டுக்கும் வர மாட்டேன் சார்" என்று ஜேம்ஸ் பஸ்ஸிலேயே என் காதில் சொல்லிவிட்டார். நான் துணைக்குப் போனவன். 

இடைசெவலில் இறங்கி, கரிசல் காட்டில் இரண்டு மைல் நடந்தோம். ஊரில் ஆளே இல்லை. வீடெல்லாம் பூட்டு. காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த ஒருவர் மட்டும் தலையைத் தூக்கினார். பெண்ணின் அப்பா சூசையின் வீடு எது என்று கேட்டோம்.

"சூசை வீடா? இன்னைக்குக் கண்மாய்ல மீன்பிடில்லா! எல்லாரும் அங்கன போயிட்டாவ. நீங்க நாளைக்கு வாரதால்ல சொன்னாவ?"

எங்களிடம் சனி, அவர்களிடம் ஞாயிறு. வாழ்க தரகர்!

கோடையில் கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றியதும், ஊர்த்தலைவர் கரையில் நின்று துண்டை வீசுவார். அடுத்த நொடி ஊரே உள்ளே! வலை, அடியில்லாத ஊத்தாக் கூடை, வேட்டி, வெறுங்கை — எது கிடைத்தாலும் ஆயுதம்தான்.

நாங்கள் கரையில் போய் நின்றோம். தலை முதல் கால் வரை சேறு பூசிய ஒரு பெண், முழங்கை நீள விரால் ஒன்றை அணைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். நேராக ஜேம்ஸிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிங்க. விட்டுராதிய! அங்கன இன்னொண்ணு கிடக்கு."

பரீட்சைப் பேப்பர் கட்டை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார் ஜேம்ஸ். விரால் ஒரு துள்ளு... கன்னத்தில் வாலால் ஓர் அறை... மறுபடி தண்ணீருக்குள்!

திரும்பி வந்தவள் அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"மீன எங்க?"

"போயிட்டு."

"போயிட்டா! ஒரு மணி நேரமாச் சேத்துல விழுந்து பிடிச்சேன். ஒரு நிமிசம் வச்சிருக்க முடியலையா?"

"ஏட்டி புஷ்பம், சண்ட போடாத. அவிய வெளியூர் ஆளு!" என்று யாரோ கத்தினார்கள்.

புஷ்பமா? தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் பார்க்க வந்த, சூசையின் மகள் புஷ்பம்!

ஞானத்தம்மாளின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. சத்தம், வேகம், போதாததற்குச் சண்டை வேறு... ஆறாவதும் அவுட் என்று முடிவு கட்டினேன்.

ஜேம்ஸ் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "எந்தப் பக்கம் போச்சு?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டு இறங்கினார். மூன்று தடவை விழுந்தார். நாலாவது தடவை, அவள் ஊத்தாவைச் சேற்றில் அமுக்க, இவர் கூடையின் மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ...

"ஏலே, வாலப் பிடிக்காத! செவுளப் பிடிலே!"

கரையிலிருந்து வந்த குரல் ஞானத்தம்மாளுடையது. சொன்னதோடு நிற்கவில்லை. பட்டுச்சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியேவிட்டார். அவர் பிறந்ததும் ஒரு கண்மாய்க்கரை ஊரில்தானாம். மகனுக்கே அன்றுதான் தெரியும்!

விரால் சிக்கியது. வேறு ஏதோ விராலாகவும் இருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்குள் சூசை ஓடி வந்து, நாங்கள் யார் என்று விசாரித்து, தலையில் கை வைத்தார். புஷ்பம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, மாப்பிள்ளையவா அண்ணாச்சின்னு கூப்பிட்டேன்!"

"அத விடுட்டி," என்றார் ஞானத்தம்மாள். "ஒனக்கு எம்மவனப் பிடிச்சிருக்கா? அதச் சொல்லு."

ஐந்து வீடுகளில் அவர் கேட்காத கேள்வி இது. புஷ்பம் அவசரப்படவில்லை. ஜேம்ஸை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள்.

"அத்தன பேரு முன்னால ஏசினேன். கோவப்படல. எறங்கி வந்தாவ... பிடிச்சிருக்கு."

திரும்பி வரும்போது, அம்மா, மகன் இருவர் மேலும் அடித்த சேற்று நாற்றத்தில் பஸ்ஸின் பாதி சீட் காலி. ஜேம்ஸ் ஜன்னல் வழியே கரிசல் காட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பவுடர் பூசிக்கொண்டு ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்காருகிறோமே, அதில் யாரை யார் பார்த்துவிடுகிறோம்?

ஜேம்ஸின் ஸ்கூலில் இன்னும் இரண்டு பிரம்மச்சாரி வாத்தியார்கள். சுற்றுவட்டாரத்தில் அடுத்து எந்தக் கண்மாய் வற்றும் என்று தினமும் என்னை விசாரிக்கிறார்கள்!