கட்டைத் துவக்கும் நீளத் தோட்டாவும்

வீரக்குட்டியைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கனடாவில், மல்வேர்னில் ஒரே அப்பார்ட்மென்டில் அவரோடு குடியிருந்தவன் நான். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று என் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் வாய் ஓயாமல் பயமுறுத்தினார்கள். அவர் என்னை ஒட்டவைத்தது மீன் குழம்பால்தான்.

எண்பத்துமூன்றின் கடைசியில் கனடா வந்தவர். நாங்கள் எல்லோரும் ஃபாக்டரிக்கும் ரெஸ்டோரன்டுக்கும் ஓட, இவர் மட்டும் ஸ்காபரோவில் சீமோன் என்ற கிழவரின் துவக்குத் திருத்தும் கடையில் போய்ச் சேர்ந்தார். ஊரில் கடைசல் வேலை பழகிய கை.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை அதையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்" என்று நக்கலடிப்பேன்.

"இது தாரா சுடுற துவக்கு, ரத்தினம். ஆக்களச் சுடுறதில்ல" என்பார். அந்த மனிதருக்குக் கோபமே வராது. எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும்.

இலையுதிர் காலம் வந்தால் வாத்து வேட்டைக்காரர்கள் பாட்டன் காலத்துப் பம்ப் துவக்குகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவை கட்டைத் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டவை. இப்போது கடையில் கிடைப்பதோ நீளத் தோட்டா. வில்லங்கம் என்னவென்றால், நீளத் தோட்டாவும் உள்ளே சுகமாகப் போய்விடும். அதன் வாய் மடித்திருக்கும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடம் இருக்காது. அடைபட்ட வேகம் முழுவதும் துவக்கின் மேல் திரும்பும். பழைய இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒருநாள் சுடுகிறவன் முகத்தருகே பிளந்துவிடும். வீரக்குட்டி தோட்டா இருக்கும் அறையைக் கையால் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து நீட்டுவார். சுட்ட தோட்டாவின் வெறுங்கோது வெளியே விழும் வாசலையும் அகட்டுவார். யாராவது அவசரப்படுத்தினால் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஊரில், படுவான்கரையில், அவருடைய அண்ணன் கந்தப்போடியிடமும் அதே வகைத் துவக்கு ஒன்று இருந்தது. தகப்பன் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் வாங்கியது. வயலுக்கு வரும் யானையை விரட்ட அதை விட்டால் வேறொன்றும் இல்லை. துவக்குகளைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னபோது கந்தப்போடி ஒப்படைக்காமல் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார். பிடிபட்டால் ஆள் வீடு திரும்பமாட்டார்.

எண்பத்துநாலு கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன் கடையொன்றில் நின்றபடி அவர் தம்பிக்கு டெலிபோன் எடுத்தார். பேசி முடித்துவிட்டு வீரக்குட்டி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"'புதுச் சாமான் கிடைச்சிருக்கு, எங்கட பழசுக்க நல்லாப் போகுது' எண்டு சொல்றாரு, ரத்தினம். போகுந்தானே! அதுதானே வில்லங்கம்!"

கடிதம் எழுதினால் பிரித்துப் படிப்பார்கள். டெலிபோனில் துவக்கு என்ற பெயரையே எடுக்க முடியாது. சொன்னால் ஆமி, சொல்லாவிட்டால் துவக்கு. மனிதர் உறங்காமல் கிடந்து புரண்டார்.

"ஜாடையாச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"ஜாடை வெளங்காட்டி?"

அடுத்த முறை டெலிபோன் வந்தபோது மெதுவாகத்தான் தொடங்கினார். பிறகு பயம் பொறுக்காமல் கத்தியேவிட்டார். "அந்தத் தோட்டாவப் போடாதீங்க, அண்ணன்! துவக்கு வெடிக்கும்!" கந்தப்போடி "சரி தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். லைனை வேறு எவன் கேட்டுக்கொண்டிருந்தானோ!

கந்தப்போடி துவக்கை ஆற்றில் போட்டுவிட்டார் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் மார்கழியில் சொன்னார். வீரக்குட்டிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். ஆட்டிறைச்சி சமைத்துச் சீமோனுக்கும் கட்டிக்கொண்டு போனார். கிழவர் உறைப்பில் மூக்கைச் சிந்திச் சிந்தி ஒரு துண்டு விடாமல் தின்றாராம்.

மாசியில் ஊரில் வயல் விளைந்தது. யானை வந்தது. கந்தப்போடி வெறும் தீப்பந்தத்தோடு வயலுக்குள் இறங்கியிருக்கிறார். ஆள் உயிரோடு வீடு திரும்பவில்லை.

கந்தப்போடியின் மனைவி கோணேஸ்வரிதான் போன் எடுத்தார். பாதியில் வீரக்குட்டி ரிசீவரை என் கையில் தந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆள் மாறியது தெரியாமல் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனார்.

"மச்சான், நீங்க மனச விட்டுராதீங்க. நீங்க சொன்னதத்தான் அவரு கேட்டாரு. 'தம்பிக்குத்தான் இதப் பத்தித் தெரியும்' எண்டு சொல்லித்தான் துவக்கக் கொண்டுபோய் ஆத்துல போட்டாரு."

அவர் குற்றம் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கே முடியவில்லை.

அதற்குப் பிறகும் வீரக்குட்டி எண்பத்தெட்டு வரையில் சீமோனின் கடைக்குப் போனார். அதே துவக்குகள், அதே வேலை. ஒருநாள் அவரைக் கூட்டிவரக் கடைக்குப் போயிருந்தேன். மேசையில் கிடந்த ஒரு பழைய துவக்கைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரு வெடி தாங்கியிருக்கும், ரத்தினம். ரெண்டும் தாங்கியிருக்கும். யானைக்கு ஒண்டு போதும்."

தாங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். துவக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னால் அவர் நம்பவா போகிறார்?