உப்புக் கிணறு என்று எழுதினேன்

“சித்திரை 9: ஊர்க் கிணற்று நீர் உப்பு.” தொண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி என் பயணக் குறிப்பேட்டில் இருந்த இந்தக் குறிப்பை வைத்து, முன்பு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. இணையதளத்துக்கு எழுதத் தொடங்கியதும் அதையே புதுப்பித்து ஏற்றினேன்.

மறுநாளே அந்த ஊர் அம்மா ஒருவர் போனில் அழைத்தார்.

“எங்க தண்ணி உப்புன்னு போட்டிருக்கீகளாமே? பொண்ணு வீட்டுக்காரக செல்லுல படிச்சிட்டு, எம் மகனுக்குப் பொண்ணு தர யோசிக்கிறாக. வந்து குடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க!”

போனேன். அவர் இறைத்துத் தந்த தண்ணீர் இனித்தது.

“இப்பச் சொல்லுங்க, உப்பா?”

கிணற்றடியிலேயே நின்று, செல்போனில் அந்தக் கட்டுரையைத் தேதியிட்டுத் திருத்தினேன். அவர் விடவில்லை.

“அங்கனயும் அனுப்பிவிடுங்க.”

பெண் வீட்டுக்கும் அனுப்பினேன். கல்யாண அழைப்பிதழ் வந்துவிட்டது. அச்சில் இத்தனை காலம் என் பிழை யாரையெல்லாம் தொட்டதோ, தெரியாது. அந்தச் சித்திரை 9 அன்று நான் குடித்தது இதே கிணற்று நீர்தானா என்பதும் இன்னும் உறுதியாகவில்லை.