குட்டைக் குழல்மேல் விழுந்த பழி

அரசாங்கக் கோப்பின்படி செண்பகம், வயது ஐம்பத்திரண்டு, உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள உப்பு உற்பத்தியாளர். தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்றை உடலில் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர். ஆயுதம் கையாளத் தகுதியுள்ளவர்.

கோப்பு எழுதியவர் ஆளைப் பார்த்திருக்க மாட்டார். செண்பகம் தீபாவளிக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அடுக்களையில் உட்காருகிறவள். துப்பாக்கி பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. மறைத்து எடுத்துச் செல்வதில் முதல் பாதியை மட்டும் அவள் ஒழுங்காகச் செய்துவந்தாள்.

அது அவள் கணவர் ராஜதுரையின் துப்பாக்கி. உப்பளக் குத்தகையில் கூட்டாளிகளாக இருந்தவர்கள் விரோதிகளாக மாறியபோது வாங்கியது. துப்பாக்கிக் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சி இரண்டு எடுத்து வைத்தார்: ஒன்று நீளக் குழல், ஒன்று குட்டை. ராஜதுரை குட்டையைத்தான் எடுத்தார். கல்யாண வீடுகளுக்குப் போகிற மனிதர். இடுப்பில் துருத்திக்கொண்டு நின்றால் பந்தியில் பக்கத்து இலைக்காரன் எழுந்து போய்விடுவான் என்பது அவர் கவலை. உயிருக்குப் பயந்து வாங்கிய பொருளை ஊருக்குப் பயந்து தேர்ந்தெடுத்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் உப்பளத்தில் வைத்து அவரை வெட்டினார்கள். பாத்தியில் வேலையாக நின்ற சந்தனமாரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அண்ணாச்சி மொதல்ல சுட்டாவ யக்கா. முன்னால வந்தவன் தோள்லதான் பட்டுச்சு. கொசு கடிச்ச மாதிரி தேச்சுவிட்டுக்கிட்டு வாரான். ரெண்டாவது டிக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான். அதுக்குள்ள வந்துட்டானுவ."

விசாரிக்க வந்த அதிகாரி ஆறுதலாக விளக்கினார். குழல் குட்டை என்றால் குண்டு வேகம் எடுப்பதற்குள் வெளியே வந்துவிடுமாம். நீளமானதாக இருந்திருந்தால் எதிராளி விழுந்திருப்பானாம். அந்த டிக் சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பழிபோட ஓர் ஆள் கிடைத்த பிறகு துக்க வீட்டில் மேற்கொண்டு கேள்வி இருப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செண்பகம் துப்பாக்கிக் கடை வாசலுக்குப் போனாள். கடைத்தெருவே பார்க்க, ரோட்டு மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் கடைக்குள் தூற்றினாள். "குட்டக் கொழல வித்து எந்தாலிய அறுத்தியே, நீ வெளங்குவியா?" என்று கேட்டாள். வன்னியபெருமாள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு மண்ணைக்கூடக் கூட்டவில்லை என்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் குட்டைக் குழல் விற்பதில்லை. கேட்டு வருகிறவனிடம் "வேண்டாம்யா, ஒரு சாவு போதும்" என்பார். உப்பளக்காரர்கள் அந்தக் கடைக்குப் போவதையே விட்டார்கள். சாபம் பலித்தது என்று ஊர் சொன்னது. செண்பகத்துக்கும் அதில் ஒரு திருப்தி இருந்தது.

வழக்கு முடிந்து, காவல் நிலையத்து அறையில் கிடந்த துப்பாக்கியும் தோட்டாக்களும் வாரிசான அவளிடமே வந்தன. உரிமத்தைப் புதுப்பிக்கப் பயிற்சி வேண்டும் என்றார்கள். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சி கொடுப்பவன் மணப்பாட்டு டிக்சன். முதல் நாள் வகுப்பிலேயே, துப்பாக்கியைத் துடைத்துக் காட்டியபடி சொன்னான்: "இரும்புக்குத்தான் எண்ணெ. தோட்டாவுக்கு ஒரு சொட்டு படக்கூடாது. அடியில இருக்குற வெடி கேப்புக்குள்ள எறங்குச்சுன்னா மருந்து செத்துரும். பொறவு டிக்குன்னு சத்தம் மட்டுந்தான் வரும்."

செண்பகம் எழுந்து வெளியே போனாள்.

உப்புக்காற்று தின்னாத இரும்பு தூத்துக்குடியில் கிடையாது. அதனால் ஆயுத பூஜை வந்தால் அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்பாள். ராஜதுரை இருந்தவரை துப்பாக்கிக்கும் வைத்தாள். அதற்குத் தோட்டா அடுக்கும் மேகசின் இரண்டு. இடுப்பில் ஒன்று, வீட்டில் மாற்றுக்கு ஒன்று. இரண்டிலிருந்தும் தோட்டாக்களை உருவி, ஒவ்வொன்றின் அடியிலும் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுவிட்டுக் குங்குமம் வைத்து, பூஜை முடிந்ததும் திருப்பிப் போடுவாள். ராஜதுரைக்கு அதில் பெருமை. "ஏளா, எண்ணெ போட்டுட்டியா? சாமி முன்னால வச்சது தப்பாது" என்பார்.

வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து வீடு முழுக்க டிக் சத்தம். விளக்கு சுவிட்ச், பேனா மூடி, பீரோ சாவி. கேஸ் லைட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி வாங்கினாள். கனவில் ராஜதுரை வந்தார். கோபமே இல்லை. வெட்டுக்காயத்தோடு, வழக்கமான பெருமையோடு, "ஏளா, எண்ணெ போட்டுட்டியா?" என்று கேட்டார். திட்டியிருந்தாலாவது அழுதிருப்பாள்.

குழல் குட்டை என்றால் பழி வன்னியபெருமாளுக்கு. எண்ணெய் என்றால் அவளுக்கு. தெரிந்துகொள்ளாமல் இனி முடியாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டிக்சனிடம் போனாள். அவனிடம் குண்டின் வேகத்தை அளக்கிற சின்னப் பெட்டி இருந்தது.

முதலில் புதுத் தோட்டாவை ரேஞ்சில் இருந்த நீளக் குழல் துப்பாக்கியில் போட்டுச் சுட்டான். வினாடிக்கு இருநூற்று எழுபது மீட்டர் என்று பெட்டி காட்டியது. அதே தோட்டா, ராஜதுரையின் குட்டைத் துப்பாக்கியில்: இருநூற்று நாற்பது.

"இம்புட்டுதானா வித்தியாசம்?"

"இம்புட்டுதான்க்கா. ஆள நிறுத்த இது போதும்."

அடுத்து, ராஜதுரை வாங்கிய பழைய பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள். பொட்டு வாங்காதவை. அதே ஊர்க் காற்று, காவல் நிலையத்தில் அதே அறை. இருநூற்று முப்பத்தெட்டு. இன்னொன்று, இருநூற்று முப்பத்தைந்து.

கடைசியாக மாற்று மேகசின். தோட்டாக்களின் அடியில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. டிக்சன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இது வேண்டாம்க்கா."

"போடு தம்பி."

முதலாவது புஸ்ஸென்று போனது. பெட்டி எண்பத்தைந்து என்றது. குண்டு எதிரே நின்ற குறி அட்டையைத் தொடவே இல்லை. அவன் குழலுக்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போட்டான்.

டிக்.

துப்பாக்கியை எதிர்ச் சுவரை நோக்கி நீட்டியபடியே அவன் அசையாமல் நின்றான். தாமதித்து வெடிக்கலாம் என்பதால் அப்படித்தான் நிற்க வேண்டும். செண்பகமும் நின்றாள். வெடிக்காதா என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஆசைப்பட்டாள். வெடிக்கவில்லை.

"உப்புக்காத்து என்ன வேணாலும் பண்ணும்க்கா," என்றான் டிக்சன். "நம்ம ஊருல சாமி கையில இருக்குற வேலே அரிச்சுப் போவுது."

"பெட்டியில கெடந்ததுக்கு மட்டும் உப்புக்காத்து அடிக்கலையா?"

அவன் வெடிக்காத தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தான். "சேசுவே... ஏழு வருசம் ஆச்சு. எனக்கும் ஒங்களுக்கும் தவிர யாருக்குந் தெரியாது. விட்டுருங்கக்கா."

"அண்ணாச்சிக்குத் தெரியணும்லா."

வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள். கடைத்தெருவில், மண் தூற்றிய அதே இடத்தில் இறங்கினாள். வன்னியபெருமாள் நரைத்துப் போயிருந்தார். ஏர்கன் பார்க்க வந்த இருவரும், டீ கொண்டுவந்தவரும் கடையில் நின்றார்கள். அவளைக் கண்டதும் அவர் அன்றைக்குப் போலவே எழுந்து நின்றார். கல்லாவை இழுத்து மூடினார், மண் விழாமல் இருக்க.

செண்பகம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் ஏறினாள். "அண்ணாச்சி, ஒங்க துப்பாக்கி நல்லாத்தான் சுடுது. தோட்டாவுல எண்ணெ விட்டு அவியள சாவக் குடுத்தது நாந்தான்" என்று தெருவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.