ஒரு கழலையை மதராசுக்கு அனுப்பிய விதம்

நோயாளியை மதராசுக்கு அனுப்புவது லேசு. அவருடைய சொந்தக்காரரை மட்டக்களப்பில் நிறுத்தி வைப்பதுதான் எங்கள் தொழில்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு முந்திய காலம் அது. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் அக்கரையில் ரயில் காத்து நின்றது. மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு சிறிய கந்தோரில் நானும் தட்டெழுத்தாளர் பிலிப்பும் கடவுச்சீட்டு, விசா, கப்பல் டிக்கட், அம்மைப்பால் குத்திய சான்று என்று இந்தியா போகிறவர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுத்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் கோயில் பார்க்கப் போகிறவர்கள், பாதிப்பேர் நோயாளிகள். கோயிலுக்குப் போகிறவர்கள் எங்களை நம்பினார்கள். நோயாளிகள் யாரையும் நம்பவில்லை. வீட்டில் ஒருவரை வைத்தியத்துக்குக் கடல் கடந்து அனுப்பிப் பார்த்தவராக இருந்தால், நான் சொல்லப்போவதை நீங்கள் மிகை என்று நினைக்கமாட்டீர்கள். இதுவரை அனுப்பாதவராக இருந்தால் படித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

விளாம்பழம்

உன்னிச்சையிலிருந்து கணபதிப்போடியார் எங்களிடம் வந்தது ஒரு மாசி மாதத்தில். முதலில் உள்ளே வந்தது அவருடைய கழுத்து. அதில் விளாம்பழம் அளவில் ஒரு கழலை. பின்னால் மனைவி சின்னப்பிள்ளை, அவருக்குப் பின்னால் சின்னப்பிள்ளையின் தம்பி தம்பிராசா. போடியார் அந்தப் பகுதிக்கு வட்டைவிதானை. குளத்துத் துருசைத் திறந்து தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுவதும், பங்கு காணாது என்று மண்வெட்டியோடு வருகிறவர்களைப் பேசித் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. வட்டை என்கிற வயல்வெளியின் ஒரு தலைப்பில் நின்று அவர் கூப்பிட்டால் மறு தலைப்பில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும் என்றார் தம்பிராசா. நாங்கள் கேட்ட குரலோ கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் இருந்தது.

கழலை உள்பக்கமாக வளர்ந்து மூச்சுக்குழாயை நெரிக்கத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. மனிதர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை கொண்டார். பட்டணத்து டொக்டர், தனக்கு மதராசில் படிப்பித்த பெரிய டொக்டருக்கு எழுதியிருந்தார். கெதியாக வெட்டாவிட்டால் ஒருநாள் இருந்தபடியும் மூச்சு வராது என்று எங்களுக்குத் தனியாகச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாரத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று விளக்கினேன். போடியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு கழலையைத் தடவிக்கொண்டு ஒரேயொரு சந்தேகம் கேட்டார்.

"போகக்குள்ள இது இரிக்கு, வரக்குள்ள இரிக்காது. வாற டிக்கட்டுக்குக் காசு குறைப்பாங்களா தம்பி?"

துணைக்கு ஒருவர்

நோயாளியோடு துணைக்கு ஒருவருக்குத்தான் இந்தியப் பணம் மாற்ற அனுமதி கிடைக்கும் என்று நான் சொன்னேன். சொன்னதுதான் நான் விட்ட பிழை. அடுத்த கிழமை ஒரு ட்ரக்டர் பெட்டி கந்தோர் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து துணைகள் இறங்கினார்கள். இரத்தம் தேவைப்பட்டால் தன்னுடையதுதான் பொருந்தும் என்றார் ஒருவர். எப்படித் தெரியும் என்றதற்கு, தானும் போடியாரும் ஒரே தாய்வழிக் குடி என்றார். இன்னொருவர் இங்கிலீசு தெரிந்தவர் என்று அறிமுகமானார். பிலிப்பு இங்கிலீசில் அவருடைய பெயரைக் கேட்டார். அவர் "ஓல் ரைட்" என்றார். ஒரு மாமி, மதராசில் மீன்கறி காய்ச்ச ஆள் வேண்டுமே என்று கவலைப்பட்டார். அவர் கையில் சேலைக்குப் பொருத்தம் பார்க்கும் துணித் துண்டுகள் இருந்தன. தம்பிராசா காரணம் எதுவும் சொல்லவில்லை. புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கடைசியில் ஆண்துணைதான் வேண்டும் என்று பேச்சு தம்பிராசாவின் பக்கம் சாய்ந்தது. சின்னப்பிள்ளை அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்ணின் பெயரில் இருக்கும். அந்த வழக்கத்தை அவர் அன்று கந்தோரில் முழுவதுமாகப் பாவித்தார்.

"கலியாணம் முடிச்சி எண்ட வீட்டுக்கு வரக்குள்ள இவர்ர கழுத்து சும்மாதான் கிடந்தது. கழலை எண்ட வளவில வளந்தது. அதை நான்தான் கொண்டு போவன்."

அருளப்புவின் பென்சில்

கடவுச்சீட்டுப் படத்துக்குப் போடியாரை அருளப்புவின் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். பட்டணத்தில் கலியாணம் பேசப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அருளப்பு எடுத்த படத்தில் பரு இருந்ததில்லை. நெகற்றிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுத்துவிடுவார். போடியாரின் படம் வந்தது. கழுத்து கடைந்தெடுத்ததுபோல் நேராக இருந்தது. கழலை இருந்த இடத்தில் சால்வைக்குப் புதிதாக ஒரு மடிப்பு முளைத்திருந்தது.

கழலைக்கு வைத்தியம் செய்யப் போகிறவர் கழலை இல்லாத படத்தோடு போனால் கொழும்பில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். ஒரு மனிதனின் முகத்தை எடுக்கும்போது இப்படி ஒரு சாமானை விட்டுவைக்கக் கை வரவில்லை என்றார் அருளப்பு. திருப்பி எடுத்தார். இரண்டாவது படத்தில் பாதிக் கழலை இருந்தது. அதற்கு மேல் விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாக இல்லை. மூன்றாவது படம் கழுவி முடியும்வரை பிலிப்பு அவருடைய பென்சில்களை வாங்கித் தன் பொக்கற்றில் வைத்திருக்க வேண்டி வந்தது. முதற் படத்தைச் சின்னப்பிள்ளை கேட்டு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடியப் போனார். போடியார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு வடிவா வெட்டுறவன் இஞ்ச இரிக்கக்குள்ள என்னத்துக்குத் தம்பி மதராஸ்?"

தயிர்ச் சட்டி

கொண்டுபோகும் சாமான்களைக் கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுவது எங்கள் வழக்கம். சுங்கத்தில் நின்று அழுவதைவிட எங்கள் முன்னால் அழுவது நல்லது. சின்னப்பிள்ளை கொண்டுவந்ததில் ஒரு பொதி அரிசி, கரடியனாற்றுத் தேன் போத்தல்கள், கருவாடு, வாழையிலையால் வாய் கட்டிய எருமைத் தயிர்ச் சட்டி எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுப்பார்கள் என்றேன். இது சாப்பிட இல்லை, டொக்டருக்கு என்றார். தயிர் மதராஸ் போய்ச் சேரும்போது தயிராக இருக்காது என்று பிலிப்பு விளக்கினார். விளக்கியதில் தேன் பயணப் பொதிக்குள் போனது, தயிர் எங்கள் கந்தோரில் தங்கியது. சட்டியைப் பிலிப்பின் மேசையில் வைத்துவிட்டுப் போகும்போதும் அந்த அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"வெறுங்கையோட போய் நிண்டா, அந்த மனிசன் இவர்ர கழுத்தில மனசோட கத்தி வைப்பாரா?"

நான்காவது தீர்மானம்

பங்குனியில் மதராசிலிருந்து தந்தி வந்தது. சித்திரை வருஷப்பிறப்புக்கு அடுத்த கிழமை கட்டில் காலியாகிறது, தவறாமல் வரவும். நான் டிக்கட் பதிந்தேன். பதிந்த மையின் ஈரம் காயுமுன் தம்பிராசா வந்து திகதியை ஆவணிக்கு மாற்றச் சொன்னார். ஏன் என்றேன். கூட்டத்தில் தீர்மானமாகிவிட்டது என்றார்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் காணிக்காரர் கூடி, எந்த நாளில் தண்ணீர் விடுவது, எந்த நாளில் விதைப்பது என்று கையுயர்த்தி முடிவு செய்வார்கள். அந்தப் பகுதி அரசாங்க அதிகாரியான காரியாதிகாரி தலைமை வகிப்பார். இந்த வெள்ளாமைக் கூட்டத்தில், மற்ற எல்லாத் திகதிகளையும் வைப்பதுபோல, போடியார் தன் கழுத்தை வெட்டும் திகதியையும் கொண்டுபோய் வைத்துவிட்டார். முதல் தண்ணீர் விடுகிற கிழமையில் விதானையார் இல்லாவிட்டால் வாய்க்காலில் மண்டை உடையும் என்று காணிக்காரர் சொன்னார்கள். அது உண்மைதான். கோடை வெள்ளாமை வெட்டிய பிறகு கழுத்தை வெட்டலாம் என்று ஒருவர் பிரேரித்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன, போடியாரின் கையும். புதிதாக வந்த காரியாதிகாரி, எழுதாமல் விட்டால் குறையாகிவிடும் என்று எழுதிக்கொண்டார். மாடுகளை வட்டையிலிருந்து அகற்றுவது மூன்றாவது தீர்மானம். விதானையாரின் கழுத்து நான்காவது.

டொக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆவணிவரை அந்தக் குழாய் தாங்காது என்றார். நான் உன்னிச்சைக்கு பஸ் ஏறினேன். போடியார் கதிரையில் இருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "கூட்டத்தில முடிவெடுத்தா மீறப்பொடாது எண்டு மத்தாக்களுக்குச் சொல்லுறவன் நான். நானே மீறுறதா?" என்றார். நேர்மையான பதில். பயந்துபோன மனிதருக்கு வாய்த்த வசதியான பதிலும்கூட. சின்னப்பிள்ளை சேலை மாற்றிக்கொண்டு காரியாதிகாரியைப் பார்க்கப் போனார். இன்னொரு கூட்டம் கூடியது. நானும் போயிருந்தேன்.

தண்ணீரை யார் விடுவது என்று காணிக்காரர் கேட்டார்கள். சின்னப்பிள்ளை தம்பியைக் காட்டி, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இவன் விடுவான்" என்றார். தம்பிராசா அந்த இடத்திலேயே கழற்றினார். சித்திரையில் போகலாம் என்பதற்குக் கைகள் உயர்ந்தன. அதற்கு மாறானவர்கள் உண்டா என்று காரியாதிகாரி முறைக்காகக் கேட்டார். ஒரேயொரு கை மெதுவாக மேலே வந்தது. அது போடியாருடையது. கூட்டம் தரையைப் பார்த்தது. சின்னப்பிள்ளை மட்டும் அவரைப் பார்த்தார்.

"உங்கட பேரில ஒரு துண்டு காணி இல்ல. அந்தக் கை எண்ட காணிக்குரிய கை. நான் சொல்றன், இறக்குங்க."

ரயிலடியில்

மாலை ரயிலுக்கு உன்னிச்சையில் பாதி வந்திருந்தது. போடியார் யன்னலோரம் இருந்து, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், யாரோடு கவனம், யாருக்கு வாய் நீளம், யாருக்குக் கை நீளம் என்று தம்பிராசாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் யன்னலைத் தாண்டவில்லை. சின்னப்பிள்ளை ஒவ்வொன்றையும் கேட்டு, உரத்துத் திருப்பிச் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவர்களில் சிலர் வழியனுப்ப அங்கேயே நின்றிருந்தார்கள். கார்ட் பச்சைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, கை நீளமானவர்களின் பட்டியல் முடியட்டும் என்று காத்திருந்தார்.

ரயில் அசைந்தபோது போடியார் மனைவியின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். சின்னப்பிள்ளை கேட்டுவிட்டு வெளியே பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ரயிலோடு கூட நடந்துகொண்டே தம்பிராசா, அத்தான் என்ன சொன்னவர் என்று கேட்டார்.

"மேற்கு வாய்க்காலைக் கவனமாப் பாத்துக்கொள்ளட்டாம்."

வந்த பிறகு

அந்த நாட்களில் தம்பிராசா காலில் சேற்றோடு அடிக்கடி கந்தோருக்கு வந்தார். வாய்க்காலில் மண்டை எதுவும் உடையவில்லை என்பதை நாங்கள் கேட்காமலே சொல்லுவார். பிறகு, தந்தி வந்ததா என்று கேட்பார். வராத நாளில் பிலிப்பு அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். வந்த நாளில் அவர் எங்கள் இருவருக்கும் வாங்கிக் கொடுத்தார். வெட்டியாயிற்று, சுகம் என்றிருந்தது தந்தியில்.

ஆனியில் கணவனும் மனைவியும் கந்தோருக்கு வந்தார்கள். போடியாரின் கழுத்தில் ஒரு தழும்பு, நூல் கட்டியதுபோல். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. குரல் பாதி திரும்பியிருந்தது. மீதி மெல்ல வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். இனிக் கதிரையில் இருந்து நித்திரை கொள்ளத் தேவையில்லைத்தானே என்று கேட்டேன். போடியார் பெருமையோடு தலையாட்டினார். சின்னப்பிள்ளையின் கண்களைச் சுற்றிக் கறுத்திருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார்.

"பாயை விரிச்சி நேராப் படுக்கிறார் தம்பி. படுத்த உடன வளவு அதிரக் குறட்டை. இப்ப விடியுமட்டும் கதிரையில இரிக்கிறது நான். மதராசில அதுக்கு ஆரும் டொக்டர் இரிக்காங்களா?"

ஒரு பயணத்தைச் சரியாக முடித்துக் கொடுத்தோம் என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள ஒரே அத்தாட்சி, துணைக்குப் போனவர் அடுத்த நோயாளியாக வந்து நிற்பதுதான்.