பின்மண்டையில் ஒரு காந்தம்

துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும்போது தரை மெதுவாக அசைய ஆரம்பித்தது. செருப்புதான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு பேச்சு குழறியது. காப்பி டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போய் நின்றது.

ஒரு மத்தியானம் சத்திரம் பேருந்து நிலையத்தில் தள்ளாடிக்கொண்டே பஸ் ஏறினேன். "பட்டப்பகல்லயே குடிச்சிட்டு வந்தாச்சா? இறங்குங்க," என்றார் கண்டக்டர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குழறலே அவர் சொன்னதை மெய்யாக்கிவிட்டது. பின்னால் காய்கறிப் பையோடு ஏறிய என் மனைவி, "அவரு குடிக்கல. உடம்புக்கு முடியல. நகருங்க, உக்காரணும்," என்றாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கம் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

அடுத்த வாரமே நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற அபூர்வமான நோய் என்றார் அவர். "முழுசா குணமாக்க மருந்து இல்லீங்க. ஆனா ஒண்ணு செஞ்சு பாக்கலாம். பின்மண்டையில காந்தம் வச்சு மூளையைத் தூண்டிவிடுவோம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. உடனே பிசியோதெரபி. எவ்வளவு பலன் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"செய்யலாம்," என்றாள் மனைவி, என்னை முந்திக்கொண்டு.

காலை வேளைகளில் போவோம். காதில் பஞ்சு வைத்து, நாற்காலியில் சாய்த்து, பிடரிக்குச் சற்று மேலே அந்தக் கருவியை வைப்பார்கள். டக், டக், டக் என்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கும். வலி இல்லை, கழுத்துத் தசை மட்டும் துள்ளும். கண்ணை மூடினால் அறை கரைந்துபோகும். நான் எடையில்லாமல் எங்கோ மிதப்பேன். திருவானைக்காவல் தெருக்கள் எனக்குக் கீழே, ஈரக் கோலங்களோடு, மெல்ல நகர்ந்து போகும். அங்கே யாரும் தள்ளாடுவதில்லை. நானும்தான்.

"சார், எந்திரிங்க. இப்பதான் நம்ம வேலை," என்று பிசியோதெரபிஸ்ட் எழுப்புவார். தரையில் ஒட்டிய நாடாமேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டவைத்து நடக்க வேண்டும். விழுந்தால் பிடிக்க அவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம்.

"காந்தம்தானே என்னை நடக்க வைக்குது?" என்று கேட்டேன்.

"அது கதவைத் திறந்து விடுது சார். உள்ள போறது நீங்கதான்."

மழைக்காலம் முழுக்க இது நடந்தது. ஒருநாள் மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்துக் காப்பி குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். மனைவி அதற்கு முன்பே கவனித்துவிட்டாள் போல. அடுப்பைப் பார்த்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நோய் போய்விடவில்லை. சில மாதங்களில் தரை மறுபடி அசையும், மறுபடி போவோம். பட்டறை வேலையை விட்டுவிட்டேன்.

கோடையில் காவிரி மணலாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் இருவரும் இறங்கினோம். "கையை விடு," என்றேன். விட்டாள். மணலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. திடீரென்று மெத்தென்று விழுந்தேன். ஓடி வந்தவள் நான் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்கலாமாங்க?"

"கொஞ்சம் இரு. காத்து நல்லாருக்கு," என்றேன்.