கத்தரிக்காய் சுமந்த ராஜாக்கள்

ஆனந்த்ராஜ் பதினாறு வருஷம் காய்கறி மண்டிகளில் மூட்டை தூக்கியவன். போன மாசியில் லாரியில் சாத்தியிருந்த பலகை வழுக்கி, வெங்காய மூட்டையோடு கீழே விழுந்தான். முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, திண்டுக்கல்லில் இருக்கும் வாடகை வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மனைவி சகாயசெல்வி நூல் மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவன் பின்னறைக் கட்டிலே கதியென்று கிடந்தான். உடன் வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தாலும் உள்ளே விட வேண்டாம் என்றான். டிசம்பர் பிறந்ததும், "இந்த வருஷம் ஸ்டாரும் வேணாம், குடிலும் வேணாம்" என்று சொல்லிவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பள்ளிக்கு லீவு. செல்வி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் ஷைனி, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வண்ணம் அடித்துக் காயவைத்து, கட்டிலருகே கொண்டுவந்து வைத்தாள்.

"ப்பா, மத்தீஸுன்னு ஒருத்தரப் பத்தி டிராயிங் மிஸ் சொன்னாங்க. பிரான்ஸ்ல பெரிய ஓவியராம். வயித்துல ஆபரேஷன் பண்ணி, எந்திரிச்சு நிக்க முடியாமப் போச்சாம். பெறகு கலரடிச்ச பேப்பர உக்காந்தே வெட்டுவாராம். அவரு சொல்ற எடத்துல மத்தவங்க செவத்துல வைப்பாங்களாம்."

ஆனந்த்ராஜுக்குச் சுருக்கென்றது. "எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?"

"இல்லப்பா. செவத்துல குடில் ஒட்டலாம்னு பாத்தேன், எனக்கு வெட்ட வரல. சம்மனசுக்கு ஒரு ரெக்க அந்து போச்சு."

கிழிந்த தேவதூதர் தாளைக் காட்டினாள். அவள் கையிலிருந்த கத்திரியை அவன் வாங்கினான். ஆடு வெட்டினான், அது நாய் மாதிரி வந்தது. ஊதாத் தாள் ஒன்று மடியில் கிடந்தது. ஏதோ யோசனையில் வெட்டினான். காம்போடு ஒரு கத்தரிக்காய் விழுந்தது. பிறகு பாகற்காய், முருங்கைக்காய், புடலை. பதினாறு வருஷம் பார்த்தவை கைக்குத் தாமாக வந்தன.

"குடிலுக்கு இதெல்லாம் யாருப்பா கொண்டு வாரது?"

"கொழந்த ஏசுவுக்குப் பொன்னு கொண்டு வந்தாங்கல்ல, அந்த மூணு ராஜாக்க."

ராஜாக்களையும் வெட்டினான். மூவரும் கழுத்தை முன்னால் நீட்டிக் குனிந்திருந்தார்கள்.

"ராஜா இப்படியா குனிவாரு?"

"மூட்ட தூக்குனா குனியத்தான் வேணும், தாயி. பொன்னுன்னா மட்டும் கனக்காதா?"

கட்டிலை ஒட்டிய சுவரில் அவன் கை காட்டிய இடத்தில் எல்லாம் ஷைனி மைதாப் பசை தடவி ஒட்டினாள். கடைசியில் நட்சத்திரம். "இன்னும் மேல" என்றான். அவள் ஸ்டூலில் ஏறி எட்டியபோது ஸ்டூல் சாய்ந்தது. பாய்ந்து பிடிக்கப் போனான். கைகள் மட்டும்தான் போயின. உடம்பு கட்டிலிலேயே கிடந்தது. அவள் குதித்துத் தப்பித்துவிட்டாள். ஆனால் அவன் நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டாள்.

விழுந்த நாளிலிருந்து அழாதவன் அப்போது அழுதான். ஷைனி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுகை அடங்கியதும் நட்சத்திரத்தை அவனிடம் கொடுத்து, "நீயே ஒட்டுப்பா" என்றாள். படுத்தபடி கை எட்டும் உயரத்தில் ஒட்டினான். ராஜாக்களின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது.

மாலையில் வீடு திரும்பிய செல்வி, தலையில் பஞ்சுத் தூசியோடு, வெகுநேரம் சுவரைப் பார்த்து நின்றாள். "இது யாரு?" என்று முதல் ராஜாவைத் தொட்டாள்.

"கருப்புசாமி அண்ணன். மண்டில மூட்ட தூக்குனா எப்பவும் அவருதான் முன்னால போவாரு." பிறகு செல்வி பக்கம் திரும்பி, "நாளைக்கு அவர வரச் சொல்லு" என்றான்.

மறுநாள் கருப்புசாமி ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ்ஸேறி வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து மண்டியில் லோடு குறைந்ததையும், தன் மகள் கல்யாணத்தையும் சொன்னார். பேச்சின் நடுவே அவர் கண் சுவருக்குப் போனது. குனிந்த மூவரையும் பார்த்தார். ஆனந்த்ராஜின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினார்.