ஒரு வாட்டுக்காக அணைத்த ஏசி

2008 கோடையில் பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் குதைபியா பகுதியில் ஒரே அறையில் இருவர் இருந்தோம். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மாலை ஆறு மணிக்கு ட்யூட்டி. மற்றவர் குளச்சல்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாதமாக நைட் ட்யூட்டி என்பதால் பகலில் தூங்குவார்.

எனக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. சிறிய செட் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வாட் சக்தியில், மோர்ஸ் என்ற புள்ளி-கோடு தந்திக் குறியில், தினமும் வெளிநாட்டில் ஒருவரையாவது பிடிப்பது என்று எனக்கு நானே சவால் விட்டிருந்தேன். ஒரு வாட் ஒரு டார்ச் பல்புக்குத்தான் காணும். சூரியனில் கரும்புள்ளிகள் குறைந்து, அதுவும் மந்தமாக இருந்த வருடம். அப்போது சிற்றலை தூரம் போகாது. ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அறுபத்து மூன்று நாள் தவறவில்லை.

ஜன்னல் ஏசி ஓடினால் ஹெட்போனில் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு அதை அணைப்பேன். பத்து நிமிடம் என்று பேச்சு. பல நாள் நாற்பது ஆனது. அவர் தூக்கத்தில் புரள்வது தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அறுபத்து நான்காம் நாள் அரை மணி கூப்பிட்டும் யாரும் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி கூப்பிட்டேன். மூன்று முப்பத்தெட்டுக்கு ஒரு பல்கேரியர், கேட்டும் கேட்காமலும். என் சிக்னல் எப்படி இருக்கிறது என்று அனுப்பினார். நானும் அனுப்பினேன். கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கணக்கில் சேரும். அப்போது ஏசி உறுமியது. அறை நண்பர் எழுந்து சுவிட்சருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் தம்பி, அணைங்க. ஆள் சிக்கிட்டார்."

"பத்து நிமிசம்னு சொன்னீங்க அண்ணே. மணி என்ன?"

"இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான்."

"அந்தாளு அப்படி என்னதான் சொல்லுவாரு?"

"என் சிக்னல் எப்படி கேக்குதுன்னு. அவரோடது எப்படின்னு நான் சொல்வேன்."

"பெறவு?"

"அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. "நேத்து ஐசியூவுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். டிரிப் பாட்டில மாத்தணும். ஒரு சிஸ்டர் தட்டி எழுப்பினா. இன்னொரு தடவ ஆச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவான்."

"பேஷண்டுக்கு?"

"ஒண்ணும் ஆவல."

"எத்தனை நாளா சரியா தூங்கல?"

"நீங்கதான எண்ணுதீங்க. நீங்களே சொல்லுங்க."

ஏசியைத் தொடவில்லை. ஆனால் ஹெட்போனைக் கழற்ற இன்னும் ஐந்து நிமிடம் ஆனது. இரைச்சலுக்குள் பல்கேரியரைத் தேடிக்கொண்டிருந்தேன். கணக்கு நோட்டில் அன்றைய பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் செட்டையும் ஒரு பேட்டரியையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். முதல் நாளே அங்கே போயிருக்கலாம். வெயில் என்பதால்தான் போகவில்லை. விரல்கள் வேர்த்து மோர்ஸ் தட்டும் சாவியில் வழுக்கின. இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஒரு இத்தாலியர் வந்தார். ஒன்று என்று எழுதினேன். கீழே இறங்கவில்லை, ட்யூட்டிக்கு நேரம் இருந்தது, அடுத்த ஆளைக் கூப்பிடத் தொடங்கினேன்.